நொண்டும் கண்ணாடி

அத்தியாயம் 6

ஷட்டர் இறங்கும் சத்தம் மூன்றாம் மாடி முழுக்க உருண்டது. கடைசி அரையடிக்குக் கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு ‘டங்’ என்று தரையில் உட்கார்ந்தது. வெளியே பூட்டு மாட்டும் ஓசை.

காலை ஒன்பது மணியிலிருந்து இது ஐந்தாவது தடவை. ஒவ்வொரு தடவையும் தேவானை பூட்டு விழும்வரை ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் இல்லாத ஹால். ஏ.சி.யை அணைத்துவிட்டார்கள். சுற்றிலும் பட்டுப்புடவை அடுக்கிய அலமாரிகள். எதிர்ச் சுவரில் ஆள் உயரத்தையும் தாண்டிய அந்தப் பெரிய திரை, கறுப்பாக.

ஆனால் இந்தத் தடவை அவள் தனியாக இல்லை. உள்ளே இன்னும் மூன்று பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா மேடம் இது?” ஒல்லியாக, கோடு போட்ட சட்டை போட்டிருந்த ஆள் ஷட்டரைத் தட்டிப் பார்த்தான். “கேஸு புடிக்க வந்தா நம்மளயும் சேத்துப் புடிச்சு வெச்சுட்டானுங்க. போனயும் வாங்கிக்கினானுங்க. எங்க வூட்டம்மா கூப்ட்டு நான் எடுக்கலேன்னா, நானே தனி கேஸா ஆயிடுவேன்.”

“ஷரஃபு, மணி என்ன?”

“ரெண்டே முக்கால்.”

“நாலு மணிக்குக் கடை முதலாளி அண்ணாச்சி வருவார்.” கேட்ட பெண்மணி ஸ்டூலை இழுத்துத் தேவானைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கைத்தறிப் புடவை. தோள்பையில் வெள்ளையாக ஏதோ தூசி. “என் பேர் தமிழ்மொழி. துப்பறியறது தொழில். மயிலாப்பூர்ல ஒரு மாவு மில்லுக்கு மேல ஆபீஸ், அதான் இந்த மாவு. இவர் என் உதவியாளர் ஷரஃபுதீன். முன்னாடி ஷேர் ஆட்டோ ஓட்டினவர்.”

“இப்பவும் ஓட்றேன். வாய மட்டும்,” என்றான் ஷரஃபுதீன்.

தேவானைக்குச் சிரிப்பு வரவில்லை.

“நாலு மணிக்குள்ள உங்ககிட்ட ஒரு வாக்குமூலம் வாங்கித் தரணும்னு அண்ணாச்சி என்னை வரவழைச்சிருக்கார்,” என்றார் தமிழ்மொழி. “அதை மறைக்காம முதல்லயே சொல்லிடறேன். கிடைக்கலைன்னா போலீசுக்குப் போறதா சொல்றார்.”

“அப்ப நீங்களும் அவங்க ஆளுதான்.”

“அவங்க கூப்பிட்டு வந்த ஆள். அவங்க ஆள் இல்ல. நீங்க அந்த நகையை எடுத்தீங்களா?”

“எட்கல.”

“சரி.”

அவ்வளவுதான். மறுபடி கேட்கவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து நூறு தடவை அதே கேள்விக்குப் பதில் சொன்ன தேவானைக்கு, இந்த ஒற்றைச் ‘சரி’யை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

தேவானைக்கு முப்பத்தாறு வயது. சைதாப்பேட்டை ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்து வளர்ந்தவள். வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். அங்கே மகள் நிலாவோடு இருந்துகொண்டு, இரண்டு பஸ் மாறித் தினமும் தி. நகர் வருகிறாள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இடது காலைச் சூம்பவைத்துவிட்டுப் போயிருந்தது. அன்னக்கொடி பட்டு மாளிகையில் பதினோரு வருடமாகப் புடவை எடுத்துப்போடும் வேலை. நான்கு நாளாகத்தான் இந்தப் புதுக் கண்ணாடிப் பிரிவு.

கண்ணாடி என்று பெயரே தவிர அது கண்ணாடி இல்லை. முன்னால் போய் நின்றால் மேலே இருக்கும் கேமரா ஆளை அளந்து, அந்த ஆள் எந்தப் புடவை கேட்டாலும் கட்டிவிட்டதுபோல் திரையில் காட்டும். திரும்பினால் முந்தானை திரும்பும். கையைத் தூக்கினால் மடிப்பு விரியும். திறப்பு விழா இன்னும் நடக்கவில்லை.

அதே கண்ணாடியில் நகையும் போட்டுக் காட்டலாம் என்று, முதலாளி செந்தில்குமார் அண்ணாச்சி தன் மகள் ஜெயஸ்ரீயின் கல்யாண ஒட்டியாணத்தைப் படமெடுக்க நேற்றுக் காலை கொண்டுவந்து கொடுத்தார். படமெடுத்து முடித்து ஹாலின் கோடியில் இருக்கும் இழுப்பறையில் வைத்தார்கள். சாவி ஆணியில்தான் தொங்கும். ஒரு மணிக்குக் கரண்ட் போனது. பதினோரு நிமிஷம். கடைக் கேமராக்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டன. திரும்பக் கரண்ட் வந்தபோது இழுப்பறை காலி.

தனி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த கண்ணாடி மட்டும் கண்ணை மூடவில்லை. அது முகத்தைப் பதிவு செய்வதில்லை. உடம்பின் அசைவை மட்டும்தான். அண்ணாச்சியும், மேனேஜராக இருக்கும் அவர் மைத்துனர் ஜவஹரும், கடை ஆட்கள் நாற்பது பேரை நிற்கவைத்து அந்தப் பதினோரு நிமிஷத்தைப் பெரிய திரையில் ஓட்டினார்கள். முகமில்லாத ஒரு சாம்பல் நிறப் பொம்மை இழுப்பறைக்கு நடந்துபோய், குனிந்து, திரும்பி நடந்தது. இடது காலை இழுத்து இழுத்து.

நாற்பது தலைகளும் தேவானை பக்கம் திரும்பின.

அந்த நொடியில் அவளுக்கே ஒரு சந்தேகம் வந்ததுதான் கொடுமை. நான்தானோ? எனக்கே தெரியாமல் வந்து எடுத்தேனோ?

“சாப்பிட்டீங்களா?” என்று தமிழ்மொழி கேட்டார்.

“காத்தால இட்லி வந்துச்சு. மத்தியானம் தயிர்சோறு. ரெண்டு வாட்டி காபி. பேன்ட்ரி பொண்ணு ஷம்ஷாத் கொணாந்து குட்த்துட்டுப் போச்சு.” தேவானை மூலையில் இருந்த எவர்சில்வர் கேரியரைக் காட்டினாள். “அண்ணாச்சி குட்த்து அனுப்ச்சதுன்னு நென்ச்சேன்.”

“நமக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கலியே மேடம்,” என்றான் ஷரஃபுதீன். “திருடினாத்தான் தயிர்சோறு போல.”

தமிழ்மொழி எழுந்துபோய் கேரியரைத் திறந்து முகர்ந்து பார்த்தார். “கேன்டீன் சோறு இல்ல. தாளிச்சு, மாதுளை போட்டிருக்கு. வீட்டுச் சமையல்.” மூடி வைத்தார். “அனுப்ரியா, அந்தப் படத்தை ஓட்டுங்க.”

மூன்றாவது ஆள் அதுவரை மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தாள். அடையாறில் இருக்கும் ஒரு சின்ன கம்பெனிக்காக இந்தக் கண்ணாடியைச் செய்த பெண். இருபத்தேழு வயது. அழுத கண்.

திரை விழித்தது. சாம்பல் பொம்மை நடந்தது. தேவானை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இன்னொரு தடவை,” என்றார் தமிழ்மொழி. “தேவானை, எனக்காக ஒரு உதவி. இங்கேருந்து அந்த இழுப்பறை வரைக்கும் நடந்து காட்டணும்.”

தேவானைக்கு உடம்பு சுட்டது. “நேத்து நாப்பது பேரு பாத்தாங்க. இன்னிக்கு நீங்க மூணு பேரா?”

“கஷ்டம்தான். தெரியும். ஆனா உங்க நடையை உங்களைத் தவிர வேற யாரும் நடக்க முடியாது. அதனாலதான் கேக்கறேன்.”

வேறு வழி? பூட்டிய அறையில் மாட்டேன் என்று சொல்லிவிட்டு எங்கே போவது? அவள் எழுந்தாள். இடது கையைத் தொடையில் ஊன்றி, ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்து, சாய்ந்து நிமிர்ந்து, இழுப்பறை வரை போய்த் திரும்பினாள். யாரையும் பார்க்கவில்லை.

“ஷரஃபு, என்ன தெரிஞ்சுது?”

ஷரஃபுதீனின் குரலில் அப்போது கிண்டல் இல்லை. “அக்கா நடக்கச் சொல்ல தோளு ஏறி எறங்குது மேடம். கை தொடைய வுட்டு எடுக்கல. பொம்மைக்குத் தோளு ஆடவே இல்ல. தலைல கொடம் வெச்சுக்கினு போற மாதிரி போவுது. காலு மட்டும் தனியா நொண்டுது.”

“அதேதான். கால்ல குறை இருந்தா உடம்பு முழுக்க அதுக்கு ஈடு கொடுக்கும். இந்தப் பொம்மைக்கு இடுப்புக்கு மேல எந்தக் குறையும் இல்ல.” தமிழ்மொழி மெதுவாகத் திரும்பினார். “அனுப்ரியா. கால்ல என்ன செஞ்சு வெச்சிருக்கீங்க?”

அனுப்ரியா மடிக்கணினியின் மூடியைப் பாதி சாய்த்தாள்.

“மேம்… ஒருத்தர் அசையறப்போ அவங்க உடம்போட ஒவ்வொரு மூட்டும் எங்க இருக்குன்னு ஒரு நொடிக்கு அறுபது தடவை சர்வருக்கு அனுப்பணும். அங்கதான் புடவையைக் கட்டி, மடிப்பைப் போட்டு, படமாத் திருப்பி அனுப்பும். எல்லாம் கண்ணிமைக்கறதுக்குள்ள நடக்கணும். கொஞ்சம் லேட்டானாலும் ஆள் திரும்பின பிறகு முந்தானை தனியாத் திரும்பும். சிரிப்பாங்க. அவ்வளவையும் அப்படியே அனுப்பினா லைன் தாங்காது. அதனால சுருக்குவோம். மாறாததை அனுப்ப மாட்டோம். கண்ணுக்குத் தெரியாததைக் குறைச்சு அனுப்புவோம்.”

“கண்ணுக்குத் தெரியாததுன்னா?”

“புடவைக்குள்ள கால் தெரியாதே மேம்.”

ஷரஃபுதீன் “அடேங்கப்பா” என்றான்.

“வலது காலை மட்டும் அனுப்புவோம். இடது காலை அதை வெச்சு மெஷினே ஊகிச்சுக்கும். லைன் நல்லா இருந்தா ஊகம் சரியா வரும். நேத்து கரண்ட் போனப்போ கடை இணைப்பு போயிடுச்சு. கண்ணாடி சிம் போட்ட சின்ன டாங்கிளுக்கு மாறிச்சு. லைன் மெலிஞ்சா…”

“இடது கால் பின்தங்கும்.”

“புடவை இல்லாம வெறும் உருவத்தை ஓட்டச் சொன்னதே நேத்துதான். நாங்ககூட அதுக்கு முன்னாடி அப்படிப் பார்த்ததில்ல. ராத்திரி வீட்டுக்குப் போன பிறகுதான் சந்தேகம் வந்துது. காலைல ஜவஹர் சார்கிட்டச் சொல்ல வந்தேன். மெஷின்ல குறை இருக்குன்னு இப்பச் சொன்னா உங்க கம்பெனியே இருக்காதுன்னாரு.” அவள் தேவானையைப் பார்க்க முயன்று தோற்றாள். “பயந்துட்டேன்க்கா.”

தேவானை தன் இடது காலைப் பார்த்தாள். யாரும் பார்க்காத கால் என்று இவர்கள் சிக்கனம் பிடித்தது, பதினோரு வருட வேலையையும் அவள் பேரையும் ஒரே மத்தியானத்தில் கொண்டுபோய்விட்டது. ஆத்திரம் வந்தது. ஆனால் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தால், ஆத்திரத்தை முழுசாக அவள்மீது கொட்டவும் முடியவில்லை.

“நிரூபிச்சுடலாம்,” என்றார் தமிழ்மொழி. “ஷரஃபு, போய் நில்லு.”

“நானா? புடவை கட்டுமா மேடம்?”

“கட்டாது. நட.”

ஷரஃபுதீன் திரையின் முன்னால் மாப்பிள்ளை ஊர்வலம்போல நடந்தான். திரையில் சாம்பல் பொம்மையும் நிமிர்ந்து நடந்தது. அனுப்ரியா கேபிளைப் பிடுங்கி டாங்கிளைச் செருகினாள். “இப்ப நடங்கண்ணா.”

ஷரஃபுதீன் அதேபோல நடந்தான். திரையில் அவன் இடது கால் தயங்கி, இழுபட்டு, நொண்டியது.

“ஐயோ, என் காலு!” குனிந்து சொந்தக் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டான். “மேடம், இந்தக் கணக்குப்படி நானும் திருடன்தான்!”

தமிழ்மொழியும் எழுந்து நடந்தார். நொண்டினார். அனுப்ரியா நடந்தாள். நொண்டினாள். தேவானை பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கண்ணாடியில் நொண்டாத ஆளே இல்லை. நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் நகர்ந்தது.

“நான் இல்ல,” என்றாள், யாரிடம் என்றில்லாமல். “அப்ப நான் இல்ல.”

“நீங்களா இருக்கணும்னு அவசியம் இல்ல. அவ்வளவுதான் இதுவரைக்கும் தெரிஞ்சது,” என்றார் தமிழ்மொழி. “அண்ணாச்சிக்கு அது போதாது. ‘அப்ப யாரு’ன்னு கேப்பார். பதில் இல்லாட்டி இந்த ஷட்டர் திறக்காது.”

மணி மூன்றேகால்.

“முகம் இல்ல. நடையும் நம்ப முடியாது.” தமிழ்மொழி ஹாலைச் சுற்றி நடந்தார். “மாறாததை அனுப்ப மாட்டோம்னு சொன்னீங்களே. ஒரு ஆள்கிட்ட எது மாறாது?”

“எலும்போட நீளம் மேம். கை நீளம், தோள் அகலம், உயரம். புது ஆள் வந்து நின்னா முதல்ல ஒரே ஒரு தடவை அதை முழுசா எழுதி ஒரு எண் கொடுக்கும். நாங்க அதை ஜாதகம்னு சொல்வோம். அதுக்கப்புறம் அசைவு மட்டும்தான். அதே ஆள் மறுபடி வந்தா பழைய எண்ணையே போட்டுக்கும்.”

“கரண்ட் இல்லாத பதினோரு நிமிஷத்துல யாருக்காவது புதுசா ஜாதகம் எழுதியிருக்கா?”

அனுப்ரியா விரலால் தேடினாள். “இல்ல.”

“அப்ப கரண்ட் போன பிறகு புதுசா யாரும் வரலை. வந்தவங்க அதுக்கு முன்னாடியே இங்க நின்னிருக்காங்க. என்ன எண்?”

“பதினேழு. ஜாதகம் எழுதினது பன்னண்டு அம்பத்தொண்ணுக்கு.”

“நான் பன்னண்டே முக்காலுக்குத் தனியாச் சாப்ட எறங்கிட்டேன்,” என்றாள் தேவானை. “போகச் சொல்ல இங்க ஒரு ஆளும் இல்ல.”

“அந்த நேரத்துல பதினேழு என்ன செஞ்சுது?”

அனுப்ரியாவின் புருவம் சுருங்கியது. “புடவை கட்டிப் பார்த்திருக்கு மேம். ஒரே புடவை. அரக்கு முகூர்த்தப் பட்டு. எட்டு நிமிஷம். அப்புறம் அதை எடுத்துட்டு, எதுவும் கட்டாம சும்மா நின்னிருக்கு. அப்பத்தான் கரண்ட் போயிருக்கு.”

“எந்தத் திருடன்டா நகைய அடிக்கறதுக்கு முன்னாடி எட்டு நிமிஷம் கூரைப்புடவ கட்டிப் பாப்பான்?” என்றான் ஷரஃபுதீன். “நம்ம ஜவஹருக்கு அப்டி ஒரு ஆச இருந்தாலும் இருக்கும். நான் அந்தாள்மேலதான் சந்தேகப்படறேன். போன புடுங்கச் சொல்லவே மூஞ்சி சரியில்ல.”

தமிழ்மொழி பதில் சொல்லாமல் தேவானையைப் பார்த்தார். “நீங்க இந்தக் கண்ணாடி முன்னாடி நிக்கணும். உங்க எண் என்னன்னு தெரியணும்.”

தேவானையின் கால் அசையவில்லை.

மெஷின் ஒரு தடவை பொய் சொன்னது. மறுபடி சொல்லாது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? திரையில் பதினேழு என்று வந்துவிட்டால் பிறகு பேச்சே இல்லை. இப்படியே உட்கார்ந்திருந்தால், எடுக்கவில்லை எடுக்கவில்லை என்று கத்தவாவது இடம் இருக்கும்.

“வராதுன்னு எப்டி சொல்றீங்க?” என்று கேட்டாள்.

“சொல்லலை. எனக்கும் தெரியாது,” என்றார் தமிழ்மொழி. “உங்களுக்குத்தான் தெரியும்.”

தேவானை அவரையே பார்த்தாள். பிறகு எழுந்து, தொடையில் கை ஊன்றி, திரைக்கு முன்னால் போய் நின்றாள். சாம்பல் பொம்மை எதிரே எழுந்து நின்றது. தலைக்கு மேல் எண் சுழன்றது. நின்றது.

இரண்டு.

அவள் மூச்சை விட்டது எல்லோருக்கும் கேட்டது.

தமிழ்மொழி நேராக ஷட்டருக்குப் போய்க் கதவு அதிரத் தட்டினார். “ஷம்ஷாத்! ஷம்ஷாத் இருக்கியாம்மா?”

“சொல்லுங்க மேடம்,” வெளியே மெல்லிய குரல்.

“தயிர்சாதம் அனுப்பினவங்ககிட்டப் போய்ச் சொல்லு. தேவானைக்குத் தலை சுத்துது. நாலு மணிக்கு அண்ணாச்சி வர்றப்போ, அவங்க கையாலயே காபி கொண்டு வரட்டும்.”

“தல சுத்தலியே,” என்றாள் தேவானை.

“இனிமே சுத்தும்,” என்றார் தமிழ்மொழி.

அதன்பின் காத்திருப்புதான். சுவர்களில் வெப்பம் ஏறியது. ஷரஃபுதீன் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு அட்டைப்பெட்டி மூடியால் எல்லோருக்கும் விசிறினான். கீழே எங்கோ தள்ளுபடி அறிவிப்பு ஒலித்தது. உஸ்மான் ரோடு ஜனம் முழுக்க இந்த மாடிக்குக் கீழே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது, தனக்கு மட்டும் அறுபது படி இறங்க வழியில்லை என்று தேவானை நினைத்துக்கொண்டாள்.

சரியாக நாலு மணிக்கு ஷட்டர் ஏறியது.

முதலில் வந்தது ஜவஹர். வெள்ளைச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. “என்ன, ஒத்துக்கிட்டாளா?”

அவர் திரையைக் கடந்து நடந்தார். சாம்பல் பொம்மை கூடவே நடந்தது. ஷரஃபுதீன் கழுத்தை நீட்டினான். தலைக்கு மேல் எண் ஆறு.

“போச்சு,” என்று முனகினான்.

பின்னால் செந்தில்குமார் அண்ணாச்சி. நெற்றியில் திருநீறு, முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. “என்ன தாயி, சொன்னாளா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஆறு மணிக்கு வாராங்க. அதுக்குள்ள நகை வரணும், இல்ல ஸ்டேஷனுக்குப் போகணும்.” அவருக்கு எண் ஐந்து.

அவருக்கும் பின்னால், கையில் ஃபிளாஸ்க்கோடு ஒரு பெண். இருபத்துநாலு வயது. கண்ணைத் தரையை விட்டு எடுக்கவில்லை. அண்ணாச்சியின் மகள் ஜெயஸ்ரீ.

“நீ ஏன் வந்தே?” என்றார் அண்ணாச்சி.

“காபி… தலை சுத்துதுன்னாங்க.”

அவள் நேராகத் தேவானையிடம் வந்தாள். திரையில் சாம்பல் பொம்மையும் கையில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தது. எண் சுழலக்கூட இல்லை. சட்டென்று வந்து நின்றது.

பதினேழு.

அண்ணாச்சிக்கும் ஜவஹருக்கும் அந்த எண்ணின் பொருள் தெரியாது. மற்ற நால்வருக்கும் தெரியும். ஜெயஸ்ரீ அந்த நான்கு முகங்களையும் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். ஃபிளாஸ்க் மூடி கையிலிருந்து நழுவி உருண்டது.

“பாப்பா,” என்றார் தமிழ்மொழி மென்மையாக. “கண்ணாடிப் பக்கமே நீ வந்ததில்லைன்னு வீட்டுல சொன்னாங்க. கண்ணாடிக்கு உன்னைத் தெரிஞ்சிருக்கே. மனசு உறுத்தித்தானே தேவானைக்கு வீட்டுச் சோறு அனுப்பினே?”

“என்னத்தச் சொல்லுதிய?” அண்ணாச்சியின் குரல் உயர்ந்தது.

“நான் சொல்றேன்ப்பா.” ஜெயஸ்ரீ ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். “நான்தான் எடுத்தேன். கல்யாணம் வேண்டாம்னு உங்ககிட்ட நாலு தடவை சொன்னேன். அம்மாகிட்ட, மாமாகிட்ட சொன்னேன். யார் காதுலயும் விழலை. நேத்து அந்தப் புடவையைக் கட்டிப் பார்த்தா பிடிக்கும்னு நினைச்சேன். பிடிக்கலை. கரண்ட் போச்சு. நகை காணாமப் போனா அவங்க சகுனம் சரியில்லைம்பாங்க, தள்ளிப் போடுவாங்கன்னு… அவ்வளவுதான் யோசிச்சேன். தேவானை அக்கா மாட்டுவாங்கன்னு சத்தியமாத் தெரியாது. தெரிஞ்ச பிறகு சொல்ல வாய் வரலை.”

“நகை எங்கட்டி?” என்று ஜவஹர் பாய்ந்தார்.

“வாசல்ல. ரெண்டாவது ஷோகேஸ் பொம்மை இடுப்புல.”

கவரிங் நகை போட்ட ஆறு பொம்மைகள் கடை வாசலில் நேற்றிலிருந்து நின்றுகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று அறுபது பவுனைச் சுமந்துகொண்டு உஸ்மான் ரோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அதைத் தாண்டித்தான் பத்துத் தடவை போய் வந்திருப்பார்.

ஜவஹர் கீழே ஓடினார். அண்ணாச்சி கைக்குக் கிடைத்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தமிழ்மொழியைப் பார்த்தார்.

“இது நாலு சுவத்துக்குள்ளயே முடியட்டும் தாயி. வெளிய தெரிய வேண்டாம். தேவானை நாளைக்கே வேலைக்கு வரட்டும். ஒண்ணும் நடக்கல.”

“வாக்குமூலம் வாங்கித் தரச் சொன்னீங்க. வாங்கிக் குடுத்துட்டேன்,” என்றார் தமிழ்மொழி. “ஒண்ணும் நடக்கலைன்னு சொல்றதுக்கு நீங்க வேற ஆளைப் பார்க்கணும். ஒருத்தரைப் பூட்டி வெச்சது என்ன குத்தம்னு ஸ்டேஷன்ல தேவானை கேட்டா, கூடப் போய் உட்காரவும் எனக்கு நேரம் இருக்கு.”

எல்லோரும் தேவானையைப் பார்த்தார்கள். நேற்றும் இப்படித்தான் பார்த்தார்கள். இன்று அவள் தலை குனியவில்லை.

“எனக்கு ஸ்டேசன் வோணாம் அண்ணாச்சி,” என்றாள். “நாப்பது பேரு முன்னால என்னிய நிக்க வெச்சீங்க. அந்த நாப்பது பேருக்கும் சொல்லணும். மைக்குல.”

“கடைல கஸ்டமர் இருக்காங்கம்மா…”

“இருக்கட்டும்.”

அண்ணாச்சி வாய் திறப்பதற்குள் ஜெயஸ்ரீ சுவரில் இருந்த மைக்கை எடுத்துவிட்டாள். தள்ளுபடி சொல்கிற அதே மைக். நான்கு மாடியிலும் அவள் குரல் கேட்டது. நேற்று காணாமல் போன ஒட்டியாணத்தை எடுத்தது நான், ஜெயஸ்ரீ. தேவானை அக்கா எடுக்கவில்லை. கண்ணாடியில் நொண்டினதும் அவங்க இல்லை. மூன்றே வாக்கியம். கீழே புடவை உதறும் சத்தம்கூட நின்றுபோனது.

மைக்கை வைத்துவிட்டு அவள் தேவானையின் கையைப் பிடித்தாள். “மன்னிச்சிடுங்கக்கா.”

தேவானை கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பொய்யும் சொல்லவில்லை. “இப்ப வாய்ல வர்ல பாப்பா. வரும்போது சொல்றேன்.”

ஷட்டர் திறந்திருந்தது. படிகள் தெரிந்தன. ஷரஃபுதீன் அவளுடைய போனை எங்கிருந்தோ மீட்டுக்கொண்டு வந்து நீட்டினான். அவள் வாசல் வரை போனாள். அங்கேயே நின்றாள்.

பின்னால் அண்ணாச்சி மகளிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். “மூஞ்சியக் கழுவிட்டுக் கார்ல ஏறு. ஆறு மணிக்கு அவுக வாராக. மத்ததப் பொறவு பேசிக்கலாம்.” ஜெயஸ்ரீ தலையாட்டினாள். காலையிலிருந்து ஷட்டர் இறங்கும்போதெல்லாம் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தேவானைக்குத் தெரியாது. இப்போது ஜெயஸ்ரீயின் முகத்தைப் பார்த்துத் தெரிந்தது.

திரும்பி வந்தாள். சாய்ந்து நிமிர்ந்து, அண்ணாச்சியின் எதிரே வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, நேத்துலேந்து எட்த்தியா எட்த்தியான்னு என்னிய நூறு வாட்டி கேட்டீங்க. பாப்பாவ ஒரு வாட்டி கேளுங்க.”

“என்னத்த?”

“வோணுமா வோணாமான்னு. நான் இங்கியே நிக்கறேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”

அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. முகம் சிவந்தது. இவள் யார் எனக்குச் சொல்ல என்று அவர் வாயைத் திறந்ததைத் தமிழ்மொழி பார்த்தார், ஷரஃபுதீன் பார்த்தான். ஆனால் அந்த வார்த்தை வெளியே வரவில்லை. நேற்று இவளிடம் தான் பேசிய எல்லா வார்த்தையும் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அவர் மகள் பக்கம் திரும்பினார். அவள் பிறந்த இருபத்துநாலு வருடத்தில் அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை. சொல்லித்தான் பழக்கம். எப்படித் தொடங்குவதென்றே தெரியாமல் நெற்றியைத் தடவினார்.

“ஏம்மா…” என்றார். “நெசமாவே வேண்டாமா?”

“வேண்டாம்ப்பா.”

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணுக்கு அருகே பிடித்து, மாப்பிள்ளை வீட்டாரின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

தேவானை அதற்கு மேல் நிற்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். இரண்டாம் மாடியில் கவுன்ட்டர் பெண்கள் வரிசையாக எழுந்து நின்றார்கள். அவள் யாரிடமும் எதுவும் சொல்லாமல், மகள் நிலாவுக்குப் போன் போட்டுக் காதில் வைத்தாள்.

“அழாதடி,” என்றாள். “கெளம்பிட்டேன்.”